20 அங்குலக் கல் மில்லில் மா சுட்டது ஏன்

பண்டாரவளைப் பக்கத்துக் கடைவீதியில் தாத்தா பூட்டிய அரைக்கும் மில் இது. 20 அங்குல விட்டமுள்ள இரண்டு எமரிக் கற்கள் முகத்துக்கு முகம் நிற்கின்றன. ஒன்று இரும்புச் சட்டியில் இறுகிய நிலைக்கல். மற்றது தண்டில் பூட்டிய சுழல்கல். தண்டு படுக்கை வாட்டில் ஓடுகிறது. அதன் வால் முனையில் இருக்கிற கைச்சக்கரத்தைத் திருகினால் தண்டு முழுவதும் முன்னே தள்ளப்பட்டு, சுழல்கல் நிலைக்கல்லை நெருங்கும். தானியம் நிலைக்கல்லின் நடுக் கண்ணால் உள்ளே போய், விளிம்பால் மாவாக வெளியேறி, துணிக் குழாய் வழியே விழும்.

முறைப்பாடு ஒன்றுதான்: மா சுடுகிறது. வாயில் விழும் மாவில் வெப்பமானியைக் குத்தினால் 71 பாகை காட்டியது. குரக்கன் மா கருகல் வாடை அடித்தது. இடியப்பத்துக்கு அரைத்த அரிசி மா பிசையும்போது விரிந்தது. கல்லைக் கொத்தினால் ஒரு கிழமை சரியாக இருக்கும், பிறகு பழைய கதை. அதனால் கல்லைக் குற்றம் சொல்வதை விட்டுவிட்டு, மில்லை முழுதாகக் கழற்றி ஒவ்வொன்றாக அளந்தோம்.

கழற்றுகிறவர்கள் முதலில் செய்ய வேண்டியது, கழுவாமல் துடைக்காமல் பார்ப்பது. தேய்ந்த இடம்தான் சாட்சி. எங்கள் நிலைக்கல்லின் மேல் பாதி கண்ணாடி போல வழுவழுத்திருந்தது. கீழ்ப் பாதியில் போன முறை கொத்திய உளி அடையாளம் புதிதாக அப்படியே இருந்தது. கல் மோசமென்றால் சுற்றிலும் ஒரே மாதிரித் தேயும். ஒரு பாதி மட்டும் தேய்ந்தால் இரண்டு முகமும் ஒன்றுக்கொன்று நேராக நிற்கவில்லை என்று அர்த்தம். மேலே இடுக்கு இல்லாமல் உரசி மா கருகுகிறது. கீழே இடுக்கு கூடி அரைபடாமல் விழுகிறது. இரண்டும் கலந்து வருவதால்தான் ஒரே பிடி மாவில் கருகலும் குருணையும் சேர்ந்து இருந்தன.

தண்டும் அதன் பெயரிங்கும்

இந்த மில் வரும்போது தண்டின் இரண்டு பக்கமும் வைட்மெட்டல் என்கிற மென்மையான உலோகக் கலவை ஊற்றிய, இரண்டு பாதியாகப் பிரியும் பிளவுப் பெயரிங்தான். கல்லோரப் பெயரிங் அடிக்கடி சூடேறியதால் அப்பாவின் காலத்தில் அதைக் கழற்றிவிட்டு யூசிபி 209 பந்துப் பெயரிங் போட்டார்கள். அன்றைக்கு அது நியாயமான வேலை. எண்ணெய் விட வேண்டியதில்லை, கடையில் உடனே கிடைக்கும். ஆனால் மூன்று விஷயங்கள் அங்கே பிழையாகிப் போயின.

முதலாவது அளவு. தண்டு 1¾ அங்குலம், அதாவது 44.45 மி.மீ. யூசிபி 209 இன் துளை 45 மி.மீ. இடையில் 0.55 மி.மீ தளர்வு. அதை நிரப்ப மெல்லிய தகரம் சுற்றியிருந்தது. அந்தத் தகரம் ஒரு பக்கம் மடிந்து, தண்டு மையம் விலகி ஓடியது. அங்குல அளவுக்கு 209-28 என்று தனிப் பெயரிங் உண்டு. வாங்கும்போது அந்தப் பின்னெண்ணைச் சொல்லிக் கேட்க வேண்டும்.

இரண்டாவது உயரம். பழைய பெயரிங்கின் மையம் அடித்தளத்திலிருந்து 2¼ அங்குலம், அதாவது 57.15 மி.மீ. யூசிபி 209 இன் மைய உயரம் 54 மி.மீ. அடியில் 3 மி.மீ தகடு வைத்திருந்தார்கள். கூட்டினால் 57. கல்லோரம் 0.15 மி.மீ தாழ்ந்து நிற்கிறது. பெயரிங்குகளுக்கு நடுவே 350 மி.மீ தூரம். அந்தச் சாய்வை 508 மி.மீ விட்டமுள்ள கல்லுக்குப் பெருக்கிப் பார்த்தால் மேல் விளிம்புக்கும் கீழ் விளிம்புக்கும் 0.22 மி.மீ வித்தியாசம் வரும். தண்டின் மூக்குத் தாழும்போது கல்லின் மேல் விளிம்பு முன்னால் சாயும். நிலைக்கல்லின் மேல் பாதி தேய்ந்ததற்குக் கணக்கு இதுதான். கடுதாசித் தடிப்பில் இடுக்கு வைத்து அரைக்கிற இடத்தில் 0.22 மி.மீ என்பது பெரிய தொகை.

மூன்றாவதுதான் முக்கியம். இந்தத் தண்டு சுழலவும் வேண்டும், முன்னே பின்னே நகரவும் வேண்டும். வைட்மெட்டல் பெயரிங் இரண்டுக்கும் இடம் கொடுக்கும். பந்துப் பெயரிங்கோ உள்வளையத்துத் திருகாணிகளால் தண்டை இறுக்கிப் பிடிக்கும். கைச்சக்கரத்தைத் திருகினால் கல் நகராது, பெயரிங்தான் இழுபடும். அதற்காகத் திருகாணிகளைத் தளர்த்தி விட்டிருந்தார்கள். பிறகு உள்வளையத்துக்குள்ளேயே தண்டு சுழன்று, அந்த இடத்தில் பள்ளம் பள்ளமாகத் தின்றுவிட்டது. புதுப் பெயரிங் எத்தனை மாற்றினாலும் இந்த அமைப்பில் நிலைக்காது. பழைய வேலையைத் திரும்பக் கொண்டுவருவதுதான் இங்கே சரியான வழி.

தண்டை லேத்தில் பிடித்து, பள்ளம் போகும் அளவுக்கு மட்டும் கடைந்தோம். 43.8 மி.மீ இல் வழுவழுப்பு வந்தது. வைட்மெட்டல் ஊற்றும்போது தண்டு எந்த அளவாக இருந்தாலும் அதற்கேற்றபடி பெயரிங் அமையும். கடையில் அளவு தேட வேண்டியதில்லை. வால் முனையைத் தனியே 40 மி.மீ க்கு இறக்கி 51208 தள்ளுப் பெயரிங் போட்டோம். அதன் தடிப்பு 19 மி.மீ. கைச்சக்கரம் கொடுக்கிற தள்ளு முழுவதையும் அது வாங்கிக்கொள்ளும்.

வைட்மெட்டல் ஊற்றத் தெரிந்தவர்களைத் தேடினால் பழைய தேயிலைத் தொழிற்சாலைகளில் பிட்டராக வேலை செய்தவர்களிடம் போக வேண்டும். கூரையோரம் நீளத் தண்டு ஓடி, பெல்ட்டில் ரோலர் சுற்றிய காலத்து வேலை அது. அவர்கள் கைப்பழக்கத்தில் செய்வதை அளவோடு இங்கே எழுதி வைக்கிறோம்.

பழைய உலோகத்தை உருக்கி எடுத்து, பெயரிங் வீட்டை, அதாவது உலோகம் ஊற்றும் இரும்புக் கூட்டை, இரும்புப் பிரஷ்ஷால் தேய்த்துச் சுத்தம் செய்ய வேண்டும். தண்டின் அளவிலேயே கடைந்த நேரான போலித் தண்டு ஒன்றை இரண்டு பெயரிங் வீட்டுக்குள்ளும் ஒன்றாகச் செருக வேண்டும். தனித்தனியாக ஊற்றி ஒருபோதும் நேர் வராது. போலித் தண்டின் மூக்கில் ஒரு கம்பிச் சுட்டியைக் கட்டி, நிலைக்கல் சட்டியின் கடைந்த விளிம்பைச் சுற்றி வரவிட்டோம். மேல், கீழ், இடம், வலம் நான்கு இடத்திலும் 0.1 மி.மீ பீலர் தகடு (இடுக்கு அளக்கிற மெல்லிய தகடு) ஒரே இறுக்கத்தில் போக வேண்டும். அந்த நிலை வரும்வரை தண்டைத் தாங்கும் ஆப்புகளைத் தட்டினோம். முழு வேலையிலும் கூடுதல் நேரம் எடுத்தது இதுதான், ஒன்றரை நாள். இங்கே அவசரப்பட்டால் பிறகு எதுவும் சரிவராது.

அடுத்தது போலித் தண்டுக்கு மண்ணெண்ணெய் விளக்குப் புகை பிடிப்பது. கரி மெல்லப் படிந்தால் உலோகம் ஒட்டாது. வீட்டின் இரண்டு ஓரத்தையும் தடித்த அட்டை வளையத்தால் அடைத்து, மேலே களிமண் பூசி, களிமண் முழுக்கக் காயும்வரை விட வேண்டும். மலைநாட்டு மூட்டத்தில் ஒரு நாளில் காயாது. ஈரம் ஒரு சொட்டு இருந்தாலும் உருகிய உலோகம் வெடித்து முகத்தில் தெறிக்கும். ஊற்றுவதற்கு முன் புளோ லாம்பால் வீட்டையும் தண்டையும் 120 பாகை மட்டில் சூடாக்கினோம். தண்ணீர் தெளித்தால் சீறி உடனே ஆவியாக வேண்டும். தெளித்துப் பார்ப்பது வெளிப்பக்கத்தில் மட்டும்.

உலோகம் மாவுக்குப் பக்கத்தில் இருப்பதால் ஈயம் கூடிய மலிவு வகையை விட்டுத் தகரம் (வெள்ளீயம்) கூடிய வகையை எடுத்தோம். ஒரு பெயரிங்குக்கு ஏறக்குறைய 1 கிலோ பிடிக்கும். இரண்டுக்கும் சேர்த்து 3 கிலோ உருக்கினோம், நடுவில் போதாமல் போகக்கூடாது. சூட்டைப் பார்க்கக் காய்ந்த பைனஸ் குச்சியை உள்ளே விட்டு எடுக்க வேண்டும். குச்சி கபில நிறமாகக் கருகினால் போதும், தீப்பற்றினால் சூடு கூடிவிட்டது. எங்கள் வெப்பமானியில் அது 420 பாகைக்குப் பக்கத்தில் நின்றது. மேலே மிதக்கும் ஆடையை வழித்துவிட்டு, நிறுத்தாமல் ஒரே ஓட்டமாக ஊற்ற வேண்டும். நடுவில் நிறுத்தினால் இரண்டு படையாக உறைந்து பிறகு பிரியும்.

ஆறிய பிறகு மெய்த்தண்டுக்கு நீலம் பூசி வைத்துச் சுழற்றி, நீலம் ஒட்டிய மேடுகளை முக்கோணச் சுரண்டியால் சீவினோம். கீழ்ப் பாதியில் நான்கில் மூன்று பங்கு இடத்தில் நீலம் பரவலாகப் பட்டால் நிறுத்திவிடலாம். தளர்வு விட்டத்தின் ஓர் அங்குலத்துக்கு ஓர் ஆயிரத்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொண்டோம். எங்கள் தண்டுக்கு அது 0.044 மி.மீ. சிகரெட் தாள் ஒன்று 0.025 மி.மீ மட்டில் இருக்கும். இரண்டு தாள் வைத்து மூடியை இறுக்கினால் தண்டு பிடிக்க வேண்டும், ஒன்றை வைத்தால் கையால் சுழல வேண்டும். மூடிக்குக் கீழே மெல்லிய பித்தளைத் தகடுகளை அடுக்கி வைத்தால், பிற்காலத்தில் தேயும்போது ஒவ்வொன்றாக எடுத்துத் தளர்வைக் குறைக்கலாம். இரண்டு பக்கமும் நான்கு நான்கு வைத்தோம்.

எண்ணெய்ப் பள்ளத்தை மேல் பாதியில் மட்டும் வெட்ட வேண்டும். பாரம் தாங்கும் கீழ்ப் பாதியில் வெட்டினால் எண்ணெய்ப் படலம் அறுந்துவிடும். பள்ளம் ஓரத்தை எட்டக்கூடாது, எட்டினால் எண்ணெய் வழிந்து மாவோடு சேரும். கல்லோரப் பெயரிங்குக்கும் கல்லுக்கும் நடுவே கம்பளி வளையமும் எண்ணெய் தெறிக்கிற தட்டும் கட்டாயம். அந்தப் பக்கத்துக்கு உணவுத் தர வெள்ளை எண்ணெய் விடுகிறோம். உணவுக்குப் பக்கமென்று சிலர் தேங்காய் எண்ணெய் விடுவார்கள். அது 24 பாகைக்குக் கீழே உறையும். பண்டாரவளை விடியற்காலைக்கு அது மெழுகாகி நிற்கும், பெயரிங்குக்கு எண்ணெய் ஊட்டும் திரியில் ஏறாது, முதல் பத்து நிமிடம் பெயரிங் உலர்ந்தபடி ஓடும். பழைய பெயரிங் அடிக்கடி சூடேறியதற்கு அதுவே காரணமாக இருந்திருக்கலாம். திரியைக் கழற்றியபோது பிசினாகிக் காய்ந்த எண்ணெய்தான் இருந்தது.

வேகம்

தானியத் தொட்டியின் பின்பலகையில் பென்சிலால் 10 – 18 என்று தாத்தா எழுதி வைத்திருந்தார். அது எதற்கென்று புல்லிகளை அளந்தபோதுதான் விளங்கியது. மில்லின் புல்லி 18 அங்குலம். முன்பு ஓட்டிய லிஸ்டர் சி.எஸ். 6/1 எஞ்சினில் பூட்டிய புல்லி 10 அங்குலம். அந்த எஞ்சின் நிமிடத்துக்கு 650 சுற்று ஓடி 6 குதிரைவலு தரும். 650 ஐ 10 ஆல் பெருக்கி 18 ஆல் வகுத்தால் 361 சுற்று. கல்லின் விளிம்பு வேகம் வினாடிக்கு 9.6 மீட்டர்.

பிறகு 7½ குதிரைவலு மோட்டர் வந்தது. அது 1440 சுற்று. கையிலிருந்த 6 அங்குலப் புல்லியைப் பூட்டியிருந்தார்கள். கல்லுக்குப் போனது 480 சுற்று, விளிம்பு வேகம் 12.8 மீட்டர். மா கூடுதலாக வந்ததால் யாருக்கும் குறை தெரியவில்லை. ஆனால் கல்லை வெளியே பிய்க்கிற விசை வேகத்தின் வர்க்கத்தோடு கூடும், இங்கே ஏறக்குறைய 1.77 மடங்கு. பழைய எமரிக் கல்லை இந்த வேகத்தில் ஓட்டுவது மாவைவிட ஆளுக்கே ஆபத்து.

18 அங்குலப் புல்லியை மாற்றாமல் 360 க்குக் கொண்டுவர 4½ அங்குல மோட்டர்ப் புல்லி வேண்டும். அவ்வளவு சின்னப் புல்லியில் கன்வஸ் தட்டைப் பெல்ட் வழுக்கும், வளைந்து வளைந்து வெடிக்கும். நாங்கள் செய்தது: மோட்டரில் 5 அங்குலம், நான்கு வரியுள்ள பி வகை வி-புல்லி. மறுபக்கம் அதே தட்டைப் புல்லி. வி-பெல்ட் தட்டைப் புல்லி மேலும் ஓடும். இரண்டு புல்லிக்கும் விகிதம் 3 க்கு மேல் இருந்து, மையங்கள் கிட்டக்கிட்ட இருந்தால் வழுக்காது, ஏனென்றால் பெரிய புல்லியில் பெல்ட் அரைச் சுற்றுக்கு மேல் தழுவுகிறது. பெல்ட் தடிப்பும் சேர்வதால் 18 அங்குலம் 18½ ஆகக் கணக்கு வரும். வேகமானியில் பாரத்தோடு 386 சுற்று. 361 வரை இறங்கவில்லை, ஆனாலும் போதும் என்று விட்டோம். நான்கு பெல்ட்டையும் ஒரே தொகுதியில் வாங்க வேண்டும். ஒன்று அறுந்தாலும் நான்கையும் மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் புதியது மட்டுமே பாரம் இழுக்கும்.

எஞ்சினையும் அதன் மேடையிலேயே வைத்திருக்கிறோம். 2022 இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் போனதை மலையகத்தில் மறந்தவர் இல்லை. 4000 அடி உயரத்தில் காற்று மெலிவதால் எஞ்சினின் வலு ஆயிரம் அடிக்கு நூற்றுக்கு 3 வீதம் மட்டில் குறையும். 6 குதிரைவலு இங்கே 5¼ தான். எஞ்சினில் ஓட்டும்போது தானியத்தைக் குறைத்துப் போட வேண்டும்.

கல்

அம்மி கொத்தச் சிற்பி வேண்டுமா என்பார்கள். மில் கல்லுக்கு வேண்டும். எமரிக் கல் ஒரே பாறை அல்ல. எமரி மணலைச் சுட்ட மக்னசைட் தூளும் மக்னீசியம் குளோரைட் கரைசலும் சேர்த்து வார்த்தது. இந்தச் சீமெந்துக்குத் தண்ணீர் எதிரி. ஈரம் பட்டுக்கொண்டே இருந்தால் கட்டு தளர்ந்து வெள்ளை உப்புப் பூக்கும், மணல் உதிரும். எனவே கல்லைக் கழுவக்கூடாது, ஈரத் துணியால் துடைக்கவும் கூடாது. ஊறப்போட்ட அரிசியை இந்தக் கல்லில் போடவே கூடாது, அது இரும்புத் தட்டு மில்லுக்குப் போக வேண்டும். மழை மாதங்களில் ஓட்டாத நாட்களில் கல்லைத் திறந்து வைக்காமல், இடுக்கைத் தளர்த்திச் சாக்குப் போட்டு மூடுகிறோம்.

கொத்துவதற்கு முன் கல்லைத் தொங்கவிட்டு மரச் சுத்தியலால் சுற்றிலும் தட்ட வேண்டும். கணீரென்று கேட்டால் நல்லது. ஓரிடத்தில் டொக்கென்று கேட்டால் உள்ளே வெடிப்பு. அந்தக் கல்லை ஓட்டக்கூடாது. விளிம்பைக் கட்டிய இரும்பு வளையம் அசைகிறதா என்றும் பார்க்க வேண்டும்.

முகம் சமமா என்று பார்க்க நேரான அலுமினியச் சட்டத்தில் காய்ந்த காவித்தூளைத் தேய்த்து, கல்லின் மேல் இழுக்க வேண்டும். மரச்சட்டம் இந்த ஈரக் குளிரில் ஒரு கிழமையிலேயே வளைந்துவிடும். காவி ஒட்டிய மேடுகளைக் கொத்திக் கொத்தி இறக்கினோம். வெளி 3½ அங்குல வளையம் முற்றிலும் தட்டையாக இருக்க வேண்டும், மா அரைபடுவது அங்கேதான். அதற்கு உள்ளே கண்ணை நோக்கி மெல்லத் தாழ்ந்து, கண் ஓரத்தில் 2 மி.மீ பள்ளம் இருக்க வேண்டும். அந்தப் பள்ளம் இல்லாவிட்டால் முழுத் தானியம் உள்ளே நுழையாது, மோட்டர் முனகும்.

வாய்க்கால்கள் எட்டுப் பங்கு, பங்குக்கு மூன்று. அகலம் 18 மி.மீ. ஆழம் கண்ணோரம் 5 மி.மீ, விளிம்பில் 2 மி.மீ. ஒவ்வொரு வாய்க்காலுக்கும் ஒரு பக்கம் செங்குத்து, மறுபக்கம் சரிவு. சுழல்கல்லில் சரிவான பக்கம் சுற்றும் திசைக்குப் பின்னால் இருக்க வேண்டும். தானியம் அந்தச் சரிவில் ஏறித்தான் தட்டையான இடத்துக்கு வந்து அரைபடும். இரண்டு கல்லிலும் முகத்தைப் பார்த்தபடி ஒரே கோலத்தைத்தான் வரைய வேண்டும். எதிரெதிரே வைக்கும்போது அவை கத்தரிக்கோல் போல ஒன்றையொன்று வெட்டும். இந்தக் காரணத்தால்தான் மோட்டர் எதிர்த்திசையில் சுற்றினால் மா வெளியே வராமல் உள்ளேயே கிடந்து கருகும். கரண்ட் பூட்டியவுடன் கற்களை விலக்கி வைத்து ஒரு தட்டு ஓட்டித் திசை பார்க்க வேண்டும். மாறியிருந்தால் மூன்றில் ஏதாவது இரண்டு வயரை மாற்றினால் சரி. எஞ்சினில் என்றால் பெல்ட்டைக் குறுக்காகப் போட வேண்டும்.

கொத்தும்போது கண்ணாடியும் தூசு வடிகட்டும் முகக்கவசமும் போட வேண்டும். துணியைக் கட்டிக்கொண்டால் போதாது, அந்தத் தூசு நெஞ்சுக்குள் தங்கும்.

சுழல்கல்லைத் தண்டோடு இரண்டு கோண இரும்பின் கூர் விளிம்பில் படுக்கவைத்து உருளவிட்டோம். பாரமான பக்கம் கீழே வந்து நிற்கும். எதிர்ப்பக்கம், கல்லின் பின்தட்டில் வாசர்களைப் பூட்டினோம். எங்கள் கல்லுக்கு 140 கிராம் தேவைப்பட்டது. இதைப் பெயரிங்கில் பூட்டிய பிறகு செய்தால் உராய்வில் பாரம் தெரியாது.

முதல் ஓட்டம்

உடைத்த சோளம் 10 கிலோவை முதலில் விலக்கியும் பிறகு மெல்ல நெருக்கியும் அரைத்து, மாவைக் குழி தோண்டிக் கொட்டினோம். ஆடுமாட்டுக்கும் போடக்கூடாது. அடுத்து 5 கிலோ குருணை அரிசி. அந்த மாவில் ஒரு கரண்டியைக் கண்ணாடிக் குவளைத் தண்ணீரில் கலக்கி, வெண்மையை மெல்ல ஊற்றிவிட்டு, அடியில் தங்கியதை விரலால் கண்ணாடியில் தேய்த்துப் பார்க்க வேண்டும். கிறீச்சென்றால் கல் மணல் இன்னும் வருகிறது. எங்களுக்கு இரண்டாவது 5 கிலோவில்தான் நின்றது.

அரை மணித்தியாலம் ஓடியபின், வெளியே 19 பாகை இருக்கையில், மா 44 பாகை. மணிக்கு 70 கிலோ வந்த இடத்தில் இப்போது 55. தீபாவளிக்கு முந்திய கிழமையில் வரிசை நீளும். அதை ஏற்றுக்கொண்டோம். அம்மா மாவைக் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே தேய்த்துப் பார்த்துத்தான் கைச்சக்கரத்தைத் திருகுகிறார். குரக்கனுக்கு அரிசியைவிடக் கால் சுற்று நெருக்கம். சோளத்தை முதலில் அகலமாக வைத்து உடைத்து, இரண்டாம் முறை மாவாக்க வேண்டும். தொட்டி வாயில் காந்தம் ஒன்று பூட்டியிருக்கிறோம், சாக்கு ஊசியும் ஆணியும் அதில் ஒட்டுகின்றன.

பெல்ட்டுகள் முதல் இரண்டு நாளில் நீண்டன, மோட்டரை 12 மி.மீ பின்னால் இழுத்தோம். பெயரிங் மூடியை ஒரு மாதத்தில் ஒருமுறை தொட்டுப் பார்த்தால் கை வைக்கக்கூடிய சூடு இருக்கலாம், எடுக்க வைக்கிற சூடு இருக்கக்கூடாது. தொட்டிப் பலகையில் 10 – 18 க்குக் கீழே 5 – 18 என்றும், 43.8 என்றும், தகடு 4 + 4 என்றும் பென்சிலால் எழுதியிருக்கிறோம். எஞ்சினின் தண்ணீர்த் தொட்டி அடியில் ஒழுகுகிறது, அது மழைக்கு முன் திருத்த வேண்டியது.